45 நாள் குட்டிக்குப் பேதி, வாந்தி: எவ்வளவு செலவாகும், எதற்குச் செலவாகும்?

கரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். லேப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. விற்றவர் 45 நாள் குட்டி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். நேற்று மத்தியானத்திலிருந்து பேதி, இன்று காலையில் இரண்டு தடவை வாந்தி. பக்கத்து டாக்டர் பார்வோ கிட் (பார்வோ என்கிற வைரஸ் நோய் இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கிற சோதனை), ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், ஊசி எல்லாம் சேர்த்து முதல் நாளுக்கே 3,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார். மாமாவோ, "தயிர்சோறு போடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறார். இவ்வளவு செலவு தேவைதானா, காசு பிடுங்கப் பார்க்கிறார்களா என்பது உங்கள் கேள்வி.

நான் கால்நடை மருத்துவர். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குட்டியைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். 3,000 என்பது அநியாயத் தொகை இல்லை. அதில் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அதை ஆட்டோவில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த அவசரம்? உங்கள் குட்டி இரண்டரைக் கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு எடையில் 100க்கு 5 பங்கு தண்ணீர் வெளியேறினால், அதாவது 125 மில்லி போனால், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 200 மில்லி போனால் குட்டி துவண்டுவிடும். 300 மில்லியை நெருங்கினால் ரத்த ஓட்டமே தளர்ந்து உயிருக்கு ஆபத்து வரும். காபி குடிக்கிற டம்ளரில் இரண்டு டம்ளர் கூட இல்லை. வாந்தியும் பேதியும் சேர்ந்துகொண்டால் அந்த அளவு ஒரே நாளில் போய்விடும். பெரிய நாய்க்கு உடம்பில் கொழுப்பு, தசை, ஈரலில் சேமித்த சர்க்கரை என்று இருப்பு இருக்கிறது. குட்டிக்கு எந்த இருப்பும் கிடையாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது நாலு வயது நாய்க்குப் பொருந்தலாம். ஏழு வாரக் குட்டிக்குப் பொருந்தவே பொருந்தாது.

கிளம்பும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். குட்டியின் கீழ் உதட்டைப் பிதுக்கி ஈறைப் பாருங்கள். லேப்ரடாருக்கு ஈறில் கறுப்புத் திட்டு இருக்கும். அதை விட்டுவிட்டு ரோஸ் நிறமாக இருக்கிற இடத்தில் கட்டை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரலில் வழவழவென்று ஈரம் பட வேண்டும். பிசின் மாதிரி ஒட்டினாலோ, நிறம் திரும்ப நேரம் எடுத்தாலோ, ஈறே சாம்பல் பூத்தது போல் இருந்தாலோ, டாக்டரிடம் வரிசையில் உட்காராமல் உள்ளே போய் அதை முதலில் சொல்லுங்கள். முதுகுத் தோலை இழுத்து விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கொழுகொழு குட்டியிடம் அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். ஈறு ஏமாற்றாது.

இனி என்ன நோயாக இருக்கலாம் என்பது.

என்னிடம் பேதியோடு வரும் குட்டிகளில் நிறையப் பேருக்குக் காரணம் பாலும் பிஸ்கட்டும்தான். தாயிடமிருந்து பிரித்த பாவத்துக்கு என்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு தடவை பால் ஊற்றுவார்கள். தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை குறைவு. பசும்பாலில் அது தலைகீழ். செரிக்காத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். இந்தப் பேதிக்கு அடையாளம் உண்டு: குட்டி வாலாட்டும், ஓடும், பசிக்கும், கழிச்சல் மட்டும் மஞ்சளாகத் தளர்ந்து போகும். பாலை நிறுத்தினால் ஓரிரு நாளில் கட்டிவிடும்.

அடுத்தது பூச்சி. குட்டிக்கு உருண்டைப்புழு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே வரும். அதனால்தான் பிறந்து இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொல்கிறோம். வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு தெரிந்து, வாந்தியில் நூடுல்ஸ் மாதிரிப் புழு வந்தால் உருண்டைப்புழு. ஈறு வெளுத்து, கழிச்சல் தார் மாதிரி கறுத்துப் போனால் கொக்கிப்புழுவைச் சந்தேகப்பட வேண்டும். அது குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கிற புழு. சின்னக் குட்டி அதிலேயே செத்துப்போகும். ஜியார்டியா, காக்சிடியா என்று கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளும் உண்டு. நெருக்கமாகக் குட்டிகளை அடைத்து வளர்க்கிற இடத்திலிருந்து வந்த குட்டிகளிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

விழுங்கியதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. மே, ஜூனில் மாங்கொட்டை விழுங்கிய நாய் வராத வாரம் கிடையாது. சாக்ஸ், கோழி எலும்பு, ரப்பர் பந்துத் துண்டு எல்லாம் எடுத்திருக்கிறேன். விடாத வாந்தி, மலம் போகவே இல்லை, வயிற்றைத் தொட்டால் முனகுகிறது என்றால் ஸ்கேனோ எக்ஸ்ரேயோ கேட்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நாலாவது பார்வோ. எங்களைப் பயப்பட வைப்பது இதுதான். உங்கள் குட்டியின் வயது, தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்க முடியாத நிலை, வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்திருப்பது, புது வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருப்பது எல்லாமே அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. வைரஸ் உள்ளே போனதிலிருந்து நோய் வெளிப்பட 3 முதல் 7 நாள், சில நேரம் இரண்டு வாரம் வரை ஆகும். ஆகவே உங்கள் வீட்டில் தொற்றியதைவிட, விற்ற இடத்திலிருந்தே கொண்டுவந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

பார்வோவுக்கு ஏன் அஞ்சு நாள் வைத்தியம், ஏன் அவ்வளவு செலவு என்று கேட்கிறவர்களுக்கு நான் வயலைச் சொல்லித்தான் விளக்குவேன். குடலின் உள்சுவரில் பயிர் மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்ன விரல்கள் நிற்கின்றன. சாப்பாட்டை உறிஞ்சுவது அவைதான். அவற்றின் மேலிருக்கும் செல்கள் சில நாளில் உதிர்ந்துவிடும். அடியில் இருக்கிற நாற்றங்காலிலிருந்து புதுச் செல்கள் மேலே வந்து இடத்தை நிரப்பும். வேகமாகப் பெருகுகிற செல்லைத் தேடித்தான் பார்வோ போகும். அது நேராக நாற்றங்காலில் இறங்கி அழிக்கிறது. மேலே உள்ள பயிர் வழக்கம்போல உதிர்கிறது, கீழிருந்து நாற்று வரவில்லை. குடல் மொட்டைத் தரையாகி, ரத்தமும் தண்ணீரும் கசிகிறது. அதே வைரஸ் எலும்பு மஜ்ஜையிலும் புகுந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துக் குடலில் இருக்கிற பாக்டீரியா ரத்தத்துக்குள் இறங்குகிறது. குட்டி சாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அடியிலும் நீர் வறட்சியிலும்தான்.

நாற்றங்கால் மறுபடி தழைக்க மூன்று முதல் ஐந்து நாள் வேண்டும். அது தானாகவே தழைக்கும். அதுவரை குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. நீங்கள் கொடுக்கிற பணம் அந்த நாட்களைக் கடப்பதற்காகத்தான். நரம்பில் ஏற்றுகிற ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புக் கரைசல், அதில் சேர்க்கிற பொட்டாசியமும் குளுக்கோஸும், வாந்தியை நிறுத்தும் ஊசி, ரத்தத்தில் இறங்கிய பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக். 1978இல் இந்த நோய் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய காலத்திலிருந்து வைத்தியத்தின் அடிப்படை இதுவேதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்று தப்புவதே அபூர்வம். ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் பத்தில் எட்டு பிழைக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் பக்கம் என்ன வாங்குகிறார்களோ, நான் என்ன வாங்குகிறேனோ அதைச் சொல்கிறேன். கரூரில் பெரிய வித்தியாசம் இருக்காது. டாக்டர் கட்டணம் 200 முதல் 300. மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்க 100, 150. பார்வோ கிட் 800 முதல் 1,000. ஒரு தடவை மட்டுமே பயன்படுகிற பொருள், எங்களுக்கே அதன் கொள்முதல் விலை அதிகம். ரத்த அணுக்கள் எண்ணிக்கை 300 முதல் 500. முன்னங்காலில் ஊசிக்குழாய் பொருத்த 150, 200. அரை லிட்டர் ரிங்கர் லாக்டேட் பாட்டில் 100 ரூபாய்க்குள்தான். வாந்தி ஊசியில் இரண்டு வகை: மனிதர்களுக்கும் போடுகிற ஆன்டான்செட்ரான் மலிவு, நாய்களுக்கென்றே வந்த மாரோபிடன்ட் விலை கூடுதல், ஆனால் நாள் முழுக்க வேலை செய்யும். இதையெல்லாம் கூட்டினால் முதல் நாள் 2,500, 3,000 வந்து நிற்கும். பரிசோதனை முடிந்துவிட்டதால் இரண்டாம் நாளிலிருந்து 800 முதல் 1,500. அஞ்சு நாளும் போனால் 6,000 முதல் 9,000 வரை. கோவை, சென்னை மாதிரி ஊர்களில் இரவும் பகலும் உள்ளே வைத்துப் பார்க்கிற இடங்களில் ஒரு நாளைக்கே 3,000 முதல் 6,000 ஆகிறது என்று என்னோடு படித்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே 25,000ஐத் தாண்டுவது சாதாரணம். ராத்திரி முழுக்க ஒரு ஆள் கண் விழித்து டிரிப்ஸ் பார்ப்பதற்கும் நோயாளியைத் தனி அறையில் வைப்பதற்குமான செலவு அது.

பால் பேதியாகவோ பூச்சியாகவோ இருந்தால் கதை வேறு. டாக்டர் கட்டணம், மலப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 500, 800க்குள் முடிந்துவிடும். இது அதுவா, இல்லை பார்வோவா என்று இன்றைக்கே தெரிந்துகொள்வதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

கையில் 3,000 இல்லை என்றால்? டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். "சார், இன்னிக்கு என்கிட்ட 1,200 இருக்கு. இதுக்குள்ள எது ரொம்ப முக்கியமோ அதைப் பண்ணுங்க" என்று கேட்கிறவரை நான் மரியாதையோடுதான் பார்ப்பேன். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று போய் இரண்டு நாள் கழித்து வருகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு மனது ஆறாது. காசு குறைவாக இருக்கும்போது நான் வெட்டுகிற முதல் செலவு கிட் பரிசோதனை. வயதும் அறிகுறிகளும் பொருந்தினால் பார்வோ என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் தொடங்கலாம். நோயின் ஆரம்பத்தில் அந்த கிட் சில நேரம் இல்லை என்றும் காட்டும். சமீபத்தில் தடுப்பூசி போட்ட குட்டியிடம் மெல்லிய கோடாக இருக்கிறது என்றும் காட்டும். வீட்டில் வேறு நாய்கள் இருந்தால் மட்டும் கிட் அவசியம், பிரித்து வைக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டுமே. 100 ரூபாய் மலப் பரிசோதனையை வெட்ட மாட்டேன். நரம்பில் தண்ணீர் ஏற்றுவதையும் வாந்தி ஊசியையும் எந்தக் காரணத்துக்கும் வெட்ட மாட்டேன். தினமும் வந்து போக முடியாதவர்களுக்கு, குட்டி ஓரளவு தெம்பாக இருந்தால், தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் செலுத்தி அனுப்புவதும் உண்டு. நரம்பு வழிக்கு அது ஈடாகாது, ஒன்றுமில்லாததற்கு நூறு மடங்கு மேல்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் நூல் மில்லில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கட்டைப்பைக்குள் துண்டு விரித்து ஒரு நாட்டுக் குட்டி, செவலை நிறம், மூன்று மாதம் இருக்கும், எடை 1.9 கிலோ. அன்று காலையில்தான் சாப்பாட்டை ஒதுக்கியிருக்கிறது, மத்தியானம் வாந்தி, நாலு மணிக்கு ரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றம் ஒரு தடவை பழகிவிட்டால் பையைத் திறக்கும்போதே பார்வோ என்று சொல்லிவிடலாம். அவரிடம் 700 ரூபாய் இருந்தது. கிட் போடவில்லை. முன்னங்காலில் நரம்பு கிடைக்கவே பதினைந்து நிமிடம் ஆயிற்று. எட்டாம் வகுப்பு படிக்கிற அவர் மகன் அஞ்சு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டு நிற்கிறதா என்று பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூன்றாம் நாள்தான் மோசம். வெள்ளை அணு இறங்கியிருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் என் விரலில் தடவிய கோழி சூப்பை நக்கியது. மொத்தம் 4,200 ஆயிற்று, நாலு தவணையாகக் கொடுத்தார்கள். அந்தக் குட்டி பிழைத்ததற்குக் காரணம் என் கைராசி இல்லை. முதல் வாந்தி எடுத்து ஆறு மணி நேரத்துக்குள் அந்த அம்மா வந்துவிட்டார்.

அதே மாதத்தில் ஒரு ராட்வைலர் குட்டி. 25,000 கொடுத்து வாங்கியது, வசதியான வீடு, ஆசையாக வளர்த்தவர்கள். மெடிக்கல் ஷாப்பில் பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுத்து மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் தூக்கி வந்தார்கள். அது லோபெரமைட். அந்த மாத்திரை குடலின் அசைவை நிறுத்தி, வெளியே போக வேண்டிய விஷத்தை உள்ளேயே தேக்கிவிடும். குட்டிக்கு உடம்புச் சூடு 97 டிகிரிக்கு இறங்கியிருந்தது. இயல்பாக 101 முதல் 102.5 வரை இருக்க வேண்டும். இரண்டு நாளில் 11,000 செலவு செய்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. ராட்வைலர், டாபர்மேன் இனங்களுக்குப் பார்வோ வந்தால் மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஆகவே கைவைத்தியம் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வாந்தி எடுக்கிற குட்டியின் வாயைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள். மாதுளைத் தோல் கஷாயம், வெந்தயத் தண்ணீர், பப்பாளி இலைச் சாறு, ஜாதிக்காய் உரைத்தது, கால் மூடி பிராந்தி என்று என்னென்னவோ ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். துவண்டு கிடக்கிற குட்டிக்கு விழுங்குகிற சக்தி குறைவு. ஊற்றியது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்துவிடும். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும். காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்கவே கூடாது. வீட்டில் மிச்சம் இருக்கிற மெட்ரோனிடசோல் (பேதி மருந்து) சிரப்பை யூகத்தில் கொடுப்பதும் வேண்டாம். எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. மாமா சொன்ன தயிர்சோறு விஷயம்: பேதி மட்டும் இருந்து, வாந்தி இல்லாமல், குட்டி துள்ளிக்கொண்டு இருந்தால் ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர் கெடுதல் செய்யாது. உங்கள் குட்டி வாந்தி எடுத்துவிட்டது. இப்போது வாய் வழியே எதுவும் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வழியில் குட்டி தலை தொங்கி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விரலில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் பொடிக் கரைசலோ தொட்டு ஈறில் தேய்த்துவிடுங்கள். ஊற்ற வேண்டாம், தேய்த்தால் போதும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

போகும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இன்றைய கழிச்சலைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீரா, சாப்பாடா, நுரையா என்பது எங்களுக்கு நிறையச் சொல்லும். எத்தனை தடவை, எப்போது, என்ன சாப்பிட்டது, விற்றவர் பூச்சி மருந்து கொடுத்தாரா, ஏதாவது ஊசிச் சீட்டு தந்தாரா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் குட்டியைத் தரையில் இறக்கி விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஒரு வருடம் வரைகூடத் தாங்கும். உங்கள் குட்டிக்கு வெறும் பால் பேதியாகவே இருந்து, அங்கே போய்ப் பார்வோ வாங்கிக்கொண்டு வரக் கூடாது. அதற்குப் பார்வோதான் என்றால் அடுத்த வீட்டுக் குட்டிக்கு அது கொடுத்துவிடக் கூடாது. கூடையிலோ மடியிலோ வைத்திருங்கள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கரூரிலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரம்கூட இல்லை. அங்கே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. ஆய்வகமும் ஸ்கேனும் ஒரே வளாகத்தில் இருக்கும், மூத்த பேராசிரியர்கள் பார்ப்பார்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி ஆஸ்பத்திரி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாடு, தெற்கே திருநெல்வேலி என்று கல்லூரி ஆஸ்பத்திரிகள் உண்டு. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும், காத்திருக்க வேண்டும். உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்திலும் நாய்க்கு வைத்தியம் பார்ப்பார்கள்; பலருக்கு இது தெரியாது, மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அஞ்சு நாள் டிரிப்ஸுக்கு இடமும் ஆளும் எல்லா ஊரிலும் இருக்காது, ஆனால் முதல் ஊசியும் முதல் பாட்டிலும் கிடைத்துவிடும். அந்த முதல் பாட்டில் உங்களுக்கு ஒரு ராத்திரியைச் சம்பாதித்துக் கொடுக்கும்.

வாந்தி நின்றபிறகு சாப்பாடு. குடலுக்கு ஓய்வு என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய பழக்கம். குட்டிக்கு அது கூடாது. டாக்டர் சரி என்றதும் தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியையும் குழைய வடித்த சோறையும் மசித்து, உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல், ஒரு தேக்கரண்டி அளவில் தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உள்ளே தங்கினால் அளவைக் கூட்டுங்கள். கறி சமைக்காத வீடானால் குட்டிகளுக்கென்றே விற்கிற வயிற்றுக்கு இதமான டின் உணவு இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். பால் வேண்டாம், என்றைக்குமே வேண்டாம்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது கவனம்: நாம் வழக்கமாக ஊற்றுகிற ஃபினாயிலும் டெட்டாலும் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. கழிச்சலைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அதற்குப் பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் பயன் இல்லை. குட்டிக்குப் புழு இருப்பது தெரிந்தால் குழந்தைகளின் கையையும் கழுவ வையுங்கள். நாயின் உருண்டைப்புழு மனிதர்களுக்கும் தொற்றும்.

குட்டி தேறியபிறகு தடுப்பூசி. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அதற்குப் பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகிற வரை. ஒரு ஊசி 500 முதல் 1,000 ரூபாய். இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் நிறையப் பேர், அங்கேதான் தவறு நடக்கிறது. சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கிற வரை ஊசி மருந்தை அதுவே அழித்துவிடும். அது என்றைக்குத் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி போடும்போது ஏறக்குறைய எல்லாக் குட்டிகளுக்கும் அது தீர்ந்திருக்கும், ஊசி வேலை செய்யும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனியாக.

கடைசியாக, விற்றவர் விஷயம். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. 45 நாள் என்பது ஆறரை வாரம்தான். அவர் சொன்ன 45 நாளும் உண்மைதானா என்று எனக்குச் சந்தேகம். டாக்டரிடம் பால்பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், வயதை ஓரளவு சொல்லிவிடுவார். இந்த வயதில் தாயிடமிருந்து பிரித்து, கூண்டில் அடைத்து, பஸ்ஸிலோ காரிலோ ஊர் விட்டு ஊர் அனுப்பும்போதுதான் குட்டியின் எதிர்ப்புச் சக்தி தரைமட்டமாகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவரோடு சண்டையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அவருக்குப் போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். தாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, இந்த ஈற்றில் மொத்தம் எத்தனை குட்டி, மற்றவை எங்கே போயின. அந்த வீட்டுக்காரர்களின் நம்பரை வாங்கி, இல்லாவிட்டால் அவரையே பேசச் சொல்லி, அவர்கள் குட்டிகளையும் இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் குட்டிக்கு நேற்று தொடங்கியது அவற்றுக்கு இன்றோ நாளையோ தொடங்கக்கூடும்.